தனிநபர் வலைத்தள உருவாக்கத்தில் மெய்நிகர் கணினிகள்: ஒரு விமர்சனப் பார்வை

மெய்நிகர் கணினி என்பது ஒரு கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கப்படும் இன்னொரு கணினி. அதற்கெனத் தனி நினைவகம், தனி வட்டு, தனி வலையமைப்பு முகவரி, தனி இயங்குதளம் ஆகியவை ஒதுக்கப்படுகின்றன. விண்டோஸ் உள்ள மடிக்கணினியில் ஒரு சாளரத்துக்குள்ளேயே உபுண்டு வழங்கி ஒன்றை இயக்க இதனால் முடிகிறது. சொந்தமாக வலைத்தளம் அமைக்க விரும்பும் மாணவர்களும் ஆர்வலர்களும் பணம் கட்டி வழங்கி வாடகைக்கு எடுப்பதற்கு முன் பழகிப் பார்க்கும் களமாக இதைப் பயன்படுத்துகின்றனர்.

இத்தகைய கருவிகளை அறிமுகப்படுத்தும் குறிப்புகள் பொதுவாக நிறுவும் முறையோடு நின்றுவிடுகின்றன. எந்தக் கருவி எளிது, எது விரைவாக முதல் பக்கத்தைக் காட்டும் என்பதே ஒப்பீடாக அமைகிறது. கற்பவருக்கு இந்த அளவுகோல் போதாது. கட்டிய தளத்தை முழுவதும் அழித்துவிட்டு, எழுதி வைத்த குறிப்பை மட்டும் கொண்டு அதை மீண்டும் எழுப்ப முடிகிறதா என்ற கேள்வியே தனிநபர் தளத்தின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. எக்ஸாம்ப், விர்ச்சுவல் பாக்ஸ், வேகிரன்ட், டாக்கர், டபிள்யூஎஸ்எல் ஆகிய கருவிகளை இந்தக் கேள்வியைக் கொண்டு இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

பின்னணி

மெய்நிகர் கணினி என்ற எண்ணம் பழையது. 1960களில் ஐபிஎம் நிறுவனத்தின் கேம்பிரிட்ஜ் அறிவியல் மையத்தில் சிபி-40 என்ற அமைப்பு உருவானது. ஒரே பெரிய கணினியைப் பலர் பயன்படுத்தும்போது ஒவ்வொருவருக்கும் தனிக் கணினி இருப்பதுபோல் காட்டுவது அதன் நோக்கம். 1972இல் ஐபிஎம் இதன் வழிவந்த விஎம்/370 என்ற அமைப்பை அறிவித்தது. ஒரு கணினியை மெய்நிகராக்க அதன் செயலி எந்த நிபந்தனைகளை நிறைவேற்ற வேண்டும் என்பதை ஜெரால்ட் போபெக், ராபர்ட் கோல்ட்பர்க் இருவரும் 1974இல் ஓர் ஆய்வுக்கட்டுரையில் வரையறுத்தனர். மேசைக்கணினிகளில் உள்ள எக்ஸ்86 செயலிகள் அந்த நிபந்தனைகளை நெடுங்காலம் நிறைவேற்றவில்லை. 1999இல் வெளிவந்த விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் மென்பொருள் உத்திகளால் அந்தக் குறையைத் தாண்டியது. 2005இல் இன்டெலும் 2006இல் ஏஎம்டியும் செயலியிலேயே மெய்நிகராக்க வசதியைச் சேர்த்தன.

2007ஆம் ஆண்டு தனிநபர்களுக்கு முக்கியமானது. அவ்வாண்டு ஜனவரியில் ஜெர்மனியின் இன்னோடெக் நிறுவனம் விர்ச்சுவல் பாக்ஸைத் திறமூல உரிமத்தில் வெளியிட்டது. பிப்ரவரியில் லினக்ஸ் கருவின் 2.6.20 பதிப்பில் கேவிஎம் சேர்ந்தது. விர்ச்சுவல் பாக்ஸ் 2008இல் சன் நிறுவனத்திடமும், 2010இல் சன்னை வாங்கிய ஆரக்கிளிடமும் சென்றது. கட்டணமின்றி மெய்நிகர் கணினி வைத்துக்கொள்வது அப்போதிருந்து யாருக்கும் எளிதானது.

எக்ஸாம்ப் தரும் எளிமையும் அதன் எல்லையும்

பிஎச்பி கற்கும் பலரின் முதல் கருவி எக்ஸாம்ப். அப்பாச்சி, மரியாடிபி, பிஎச்பி, பெர்ல் ஆகியவற்றை ஒரே தொகுப்பாக நிறுவித் தரும் இந்த மென்பொருளை அப்பாச்சி ஃபிரண்ட்ஸ் குழு 2002 முதல் வெளியிட்டு வருகிறது. நிறுவிய சில நிமிடங்களில் உலாவியில் முதல் பக்கம் தெரியும். கற்பவரை முதல் நாளிலேயே சோர்வடையச் செய்யாமல் நிரல் எழுதும் இடத்துக்குக் கொண்டுவந்து விடுவது இதன் பெரிய நன்மை. அதற்குரிய மதிப்பை மறுக்க முடியாது.

எக்ஸாம்பில் மெய்நிகர் கணினி இல்லை. வழங்கி மென்பொருள்கள் விண்டோஸின் மேலேயே இயங்குகின்றன. தரவுத்தளத்தின் முதன்மைப் பயனரான ரூட்டுக்குக் கடவுச்சொல்லே இல்லாமல் அது நிறுவப்படுகிறது. இது உருவாக்கப் பணிக்கான தொகுப்பு, பொதுமக்கள் வந்துபோகும் தளத்தை இதில் நடத்தக் கூடாது என்று அதை உருவாக்கியவர்களே கூறுகின்றனர். குறை கருவியில் இல்லை. பழகும் இடமும் தளம் உண்மையில் வாழப்போகும் இடமும் ஒன்று என்று கற்பவர் எண்ணிக்கொள்வதில்தான் சிக்கல் தொடங்குகிறது. வாடகை வழங்கிகளில் மிகப் பெரும்பாலானவை லினக்ஸில் இயங்குகின்றன. விண்டோஸில் பிழையின்றி ஓடிய தளம் அங்கே சென்றதும் நிற்பதற்குச் சில வழக்கமான காரணங்கள் உண்டு.

முதலாவது, கோப்புப் பெயர். ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் விண்டோஸ் கோப்புப் பெயர்களில் வேறுபடுத்துவதில்லை. லினக்ஸ் வேறுபடுத்துகிறது. கோப்பின் பெயர் சிறிய எழுத்தில் தொடங்க, நிரலில் அதைப் பெரிய எழுத்தில் அழைத்திருந்தால் மடிக்கணினியில் பக்கம் திறக்கும். லினக்ஸில் கோப்பு இல்லை என்ற பிழை வரும்.

இரண்டாவது, தரவுத்தள அட்டவணையின் பெயர். மைஎஸ்க்யூஎல், மரியாடிபி இரண்டும் விண்டோஸில் அட்டவணைப் பெயர்களை இயல்பாகவே சிறிய எழுத்தாக்கிச் சேமிக்கின்றன. லினக்ஸில் எழுதியபடியே வைத்துக்கொள்கின்றன. நிரலில் பெரிய எழுத்தோடு எழுதிய வினவல்கள் அங்கே தோற்கின்றன.

மூன்றாவது, கோப்பு உரிமைகள். உபுண்டு, டெபியன் ஆகியவற்றில் வலை வழங்கி தனக்கென உள்ள ஒரு பயனர் பெயரில் இயங்குகிறது. படங்களைப் பதிவேற்றும் கோப்புறையில் எழுதும் உரிமை அந்தப் பயனருக்கு இல்லாவிட்டால் பதிவேற்றம் நடக்காது. இதை முதன்முறையாக நேரடி வழங்கியில் சந்திப்பவர், எல்லாருக்கும் எல்லா உரிமையும் தரும் 777 என்ற அமைப்பைக் கோப்புறைக்குக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவது வழக்கம். ஒரே வழங்கியைப் பலர் பகிரும் இடத்தில் இது கதவைத் திறந்து வைப்பதற்குச் சமம்.

தமிழ் உரைக்கு வரும் சோதனை

தமிழில் எழுதும் தனிநபர் தளங்களுக்கு இந்த வேறுபாடுகளால் இன்னொரு வகை இழப்பும் நேர்கிறது. ஒருங்குறியின் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட்டுகளைப் பிடிக்கிறது. தமிழ் என்ற சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என 5 குறியீடுகள் உள்ளன. பிஎச்பியின் சாதாரண நீள அளவு இதை 15 என்று சொல்லும். பல்பைட்டு நீட்சியான எம்பிஸ்ட்ரிங் 5 என்று சொல்லும். இன்டில் என்ற நீட்சி மட்டுமே படிப்பவர் கண்ணுக்குத் தெரியும்படி 3 என்று எண்ணும். தலைப்பைச் சுருக்கிக் காட்டும் நிரலில் எம்பிஸ்ட்ரிங்கைக் கொண்டு முதல் 2 குறியீடுகளை எடுத்தால் தமி என்பதற்குப் பதிலாகத் தம என்று வரும். எக்ஸாம்பில் எம்பிஸ்ட்ரிங் இயக்கப்பட்டே வருகிறது. உபுண்டுவில் அதைத் தனித் தொகுப்பாக நிறுவ வேண்டும். ஆகவே மடிக்கணினியில் ஓடிய அதே நிரல் புதிய உபுண்டு வழங்கியில் அப்படியொரு செயற்கூறே இல்லை என்று நின்றுவிடும்.

இது உடனே கண்ணில் படும் பிழை. கண்ணில் படாத பிழை தரவுத்தளத்தில் இருக்கிறது. 2018இல் வந்த 8.0 பதிப்பு வரை மைஎஸ்க்யூஎல்லின் இயல்பான எழுத்துக் குறிமுறை லத்தீன்1. அட்டவணையும் இணைப்பும் லத்தீன்1ஆக இருந்த பழைய தளங்களில் தமிழ் பைட்டுகள் லத்தீன் எழுத்துகள் என்று தவறாகக் கருதப்பட்டு உள்ளே சென்றன. அதே தவறான வழியில் வெளியே வந்தன. இரண்டு தவறுகளும் ஒன்றையொன்று மறைத்ததால் உலாவியில் தமிழ் சரியாகவே தெரிந்தது. ஒரே ஒரு தடயம் இருந்தது. 100 எழுத்து என்று வரையறுத்த தலைப்புக் களத்தில் தமிழில் 33 குறியீடுகளுக்கு மேல் கொள்ளாது. மீதி வெட்டுப்படும்.

தரவை ஏற்றுமதி செய்து, குறிமுறையைச் சரியாக அமைத்த புதிய வழங்கிக்குக் கொண்டுசெல்லும் நாளில்தான் உண்மை தெரியும். பல ஆண்டுகள் எழுதிய கட்டுரைகள் மேற்குறி போட்ட லத்தீன் எழுத்துகளும் குறிகளும் கலந்த குவியலாக நிற்கும். சிக்கலின் தன்மை தெரிந்தவர் களத்தை முதலில் பைனரி வகைக்கும் பிறகு யுடிஎஃப்8எம்பி4 வகைக்கும் மாற்றி மீட்டுவிடலாம். தெரியாதவர் வேறு ஏதாவது மாற்றத்தைச் செய்து, எழுத்துகள் வெறும் கேள்விக்குறிகளாக மாறிவிட்டால் திரும்ப வழியில்லை. கேள்விக்குறிக்குப் பின்னால் எந்த எழுத்து இருந்தது என்ற செய்தி அங்கே மிஞ்சுவதில்லை.

இந்தப் பிழையை எக்ஸாம்பில் எத்தனை முறை பக்கத்தைத் திறந்து பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது. வேறொரு வெற்றுக் கணினியில் தளத்தை எழுப்பிப் பார்த்தால்தான் தெரியும். மெய்நிகர் கணினியின் தேவை இங்கேதான் தெளிவாகிறது. அந்த வெற்றுக் கணினியைச் செலவின்றி, வேண்டும்போதெல்லாம் அது தருகிறது.

மெய்நிகர் கணினி கற்றுத்தருவது

விர்ச்சுவல் பாக்ஸில் உபுண்டு வழங்கியை நிறுவுபவர் முதலில் சந்திப்பது வலையமைப்பு. இயல்பான நேட் முறையில் மெய்நிகர் கணினியால் இணையத்துக்குப் போக முடியும். வெளியிலிருந்து அதற்குள் வர முடியாது. மடிக்கணினியின் 8080 போர்ட்டை மெய்நிகர் கணினியின் 80 போர்ட்டுக்குத் திருப்பிவிட்டால்தான் உலாவியில் பக்கம் தெரியும். வீட்டு ரவுட்டரும் இதே முறையில்தான் இயங்குகிறது. எக்ஸாம்பில் பழகியவருக்கு லோக்கல்ஹோஸ்ட் என்பது ஒரு மந்திரச் சொல். இரண்டு கணினிகள் இருக்கும்போது எந்தக் கணினியின் லோக்கல்ஹோஸ்ட் என்ற கேள்வி எழுகிறது. அந்தக் கேள்விக்கு விடை தெரிந்தவருக்கு வழங்கியில் பின்னால் வரும் பல பிழைகள் புரிந்துவிடும்.

அடுத்தது எஸ்எஸ்எச் வழியாக நுழைதல், தொகுப்புகளை நிறுவுதல், பதிவுக் கோப்புகளைப் படித்தல், தீச்சுவர் அமைத்தல், தரவுத்தளத்துக்குத் தனிப் பயனரை உருவாக்குதல். இவை அனைத்தும் வாடகை வழங்கியிலும் இதே வடிவில் தேவைப்படும். அங்கே தவறு செய்தால் தளம் முடங்கும். தீச்சுவரில் எஸ்எஸ்எச் போர்ட்டை மூடிவிட்டால் உள்ளே நுழைய வழியின்றி நிற்க நேரும். மெய்நிகர் கணினியில் அதே தவறுக்கு விலை சில நிமிடங்கள் மட்டுமே. துணிந்து கெடுத்துப் பார்க்கும் இந்த உரிமைதான் கற்பவருக்குக் கிடைக்கும் பெரிய பயன்.

நடைமுறையில் இந்த உரிமையைப் பலர் பயன்படுத்துவதில்லை. ஒருமுறை பாடுபட்டு நிறுவிய மெய்நிகர் கணினியை இரண்டாவது மடிக்கணினிபோல ஆண்டுக்கணக்கில் பேணுகின்றனர். எதை எப்போது நிறுவினோம் என்பது மறந்துபோகிறது. அதைத் தொட்டால் கெட்டுவிடும் என்ற அச்சம் வருகிறது. அந்த நிலையை அடைந்த மெய்நிகர் கணினி பயிற்சிக் களமாக இருக்கும் தகுதியை இழந்துவிடுகிறது. பழைய பதிப்புகளும் அப்படியே தங்கிவிடுகின்றன. உபுண்டு 20.04 உடன் வந்தது பிஎச்பி 7.4. அந்தப் பதிப்புக்குப் பிஎச்பி குழு தந்த ஆதரவு 2022 நவம்பரில் முடிந்துவிட்டது. அதையே வைத்துப் பழகுபவர் 8.3 பதிப்போடு வரும் உபுண்டு 24.04 வழங்கிக்குப் போகும்போது மீண்டும் பழைய கதைதான். முன்பு எக்ஸாம்பில் பழகியவர்கள் பிஎச்பி 7.0 வந்தபோது இதே அனுபவத்தைப் பெற்றனர். மைஎஸ்க்யூஎல்லோடு இணைக்கும் பழைய செயற்கூறுகள் அந்தப் பதிப்பில் முற்றிலும் நீக்கப்பட்டிருந்தன.

ஸ்னாப்ஷாட்டும் எழுதிய குறிப்பும்

மெய்நிகர் கணினியின் ஒரு கணத்து நிலையைப் பிடித்து வைத்து, வேண்டும்போது அங்கே திரும்பும் வசதிக்கு ஸ்னாப்ஷாட் என்று பெயர். புதிய பதிப்பை நிறுவிப் பார்ப்பதற்கு முன் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துக்கொள்வது நல்ல பழக்கம். அதைக் காப்புப்படி என்று நினைப்பது தவறு. விர்ச்சுவல் பாக்ஸில் ஸ்னாப்ஷாட்டுக்குப் பிந்தைய மாற்றங்கள் மட்டும் தனி வட்டுக்கோப்பில் எழுதப்படுகின்றன. அடிப்படை வட்டுக்கோப்பு பழுதானாலோ தொலைந்தாலோ அதன்மேல் கட்டிய எல்லாம் போய்விடும். மடிக்கணினியின் வட்டு கெட்டால் கணினியும் ஸ்னாப்ஷாட்டும் சேர்ந்தே போகும்.

இன்னொரு குறையும் உண்டு. ஸ்னாப்ஷாட் ஒரு நிலையைச் சேமிக்கிறது. அந்த நிலைக்கு எப்படி வந்தோம் என்பதை அது சொல்வதில்லை. வாடகை வழங்கியில் அதே நிலையை உருவாக்க வேண்டியவருக்கு அந்த வழிதான் தேவை.

இந்த இடைவெளியை நிரப்ப வந்தது வேகிரன்ட். மிட்செல் ஹாஷிமோட்டோ 2010இல் வெளியிட்ட இக்கருவியில் எந்த இயங்குதளம், எவ்வளவு நினைவகம், எந்தப் போர்ட், எந்தத் தொகுப்புகள் என்பதை ஒரே உரைக்கோப்பில் எழுதி வைக்கலாம். ஒரு கட்டளையில் மெய்நிகர் கணினி எழும். இன்னொரு கட்டளையில் அழியும். பல ஜிகாபைட் வட்டுக்கோப்பைச் சுமப்பதற்குப் பதிலாகச் சில வரிகள் கொண்ட உரைக்கோப்பை கிட் களஞ்சியத்தில் வைத்துக்கொண்டால் போதும். மீண்டும் எழுப்புதல் என்ற அளவுகோலில் வேகிரன்டின் பங்களிப்பு பெரியது. அதன்பின் வந்த கருவிகள் இந்த வழக்கத்தையே தொடர்ந்தன.

வேகிரன்டைப் பயன்படுத்துவோர் கவனிக்காமல் விடும் ஓர் ஓட்டை பகிர்ந்த கோப்புறை. மடிக்கணினியில் உள்ள நிரல் கோப்புகளை மெய்நிகர் கணினிக்குள் அப்படியே காட்டும் இந்த வசதி மிக வசதியானது. அந்தக் கோப்புறைக்குள் மட்டும் விண்டோஸின் கோப்பு விதிகளே பெரும்பாலும் செல்லுபடியாகின்றன. பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு மறைகிறது. கோப்பு உரிமைகளை மாற்றும் கட்டளை பலன் தருவதில்லை. எந்த வேறுபாடுகளைக் கண்டுபிடிக்க மெய்நிகர் கணினி வேண்டியிருந்ததோ அவற்றையே பகிர்ந்த கோப்புறை மூடிவிடுகிறது. நிரல் எழுதும்போது அதைப் பயன்படுத்தலாம். சோதிக்கும்போது கோப்புகளை கிட் வழியாக மெய்நிகர் கணினியின் சொந்த வட்டுக்குக் கொண்டுசென்று ஓட்டிப் பார்ப்பதே சரியான முறை.

டாக்கரும் டபிள்யூஎஸ்எல்லும்

2013இல் அறிமுகமான டாக்கர் இந்தத் துறையின் பேச்சையே மாற்றியது. முழு இயங்குதளத்தையும் எழுப்பாமல், லினக்ஸ் கருவைப் பகிர்ந்துகொண்டு நிரலை மட்டும் தனிமைப்படுத்தும் கன்டெய்னர் முறை இதன் அடிப்படை. நினைவகச் செலவு குறைவு. எழுப்பவும் அழிக்கவும் சில விநாடிகள் போதும். எழுதிய கோப்பிலிருந்து மீண்டும் எழுப்பும் பழக்கத்தைப் பெருவாரியாகப் பரப்பிய பெருமை டாக்கருக்கு உரியது.

டாக்கர் வந்தபின் மெய்நிகர் கணினி தேவையில்லை என்ற பேச்சு பாதி உண்மை. விண்டோஸிலும் மேக்கிலும் லினக்ஸ் கரு கிடையாது. அங்கே டாக்கர் டெஸ்க்டாப் ஒரு லினக்ஸ் மெய்நிகர் கணினியை மறைவாக இயக்கி, அதற்குள்தான் கன்டெய்னர்களை நடத்துகிறது. அதற்கான நினைவகத்தையும் வட்டையும் கணினி கொடுத்தே ஆக வேண்டும்.

கற்பவருக்கு டாக்கர் வைக்கும் பொறிகள் இரண்டு. கன்டெய்னரை நீக்கினால் அதற்குள் எழுதிய தரவும் நீங்கும். தரவுத்தளக் கோப்புகளை வால்யூம் என்ற தனிச் சேமிப்பில் வைக்காதவர் ஒரு நாள் எழுதியதை எல்லாம் இழப்பார். இரண்டாவது, லேட்டஸ்ட் என்ற அடையாளம். மைஎஸ்க்யூஎல்லின் லேட்டஸ்ட் வேண்டும் என்று கோப்பில் எழுதியவருக்கு 2018இல் ஒரு நாள் 5.7க்குப் பதிலாக 8.0 வந்து சேர்ந்தது. அதில் கடவுச்சொல் சரிபார்க்கும் இயல்புமுறை மாறியிருந்ததால் அன்றைய பிஎச்பி இணைப்புகள் பல உள்ளே நுழைய முடியாமல் நின்றன. பதிப்பு எண் எழுதப்படாத குறிப்பைக் கொண்டு அதே தளத்தை மீண்டும் எழுப்ப முடியாது. கற்பவர் எண்ணைக் குறிப்பிட்டு எழுதப் பழக வேண்டும்.

டபிள்யூஎஸ்எல் மைக்ரோசாஃப்ட் 2016இல் அறிமுகப்படுத்திய வசதி. விண்டோஸுக்குள் லினக்ஸ் கட்டளைகளை இயக்குவது இதன் பணி. 2020இல் பரவலாக வந்த இரண்டாம் பதிப்பு உண்மையான லினக்ஸ் கருவை ஒரு மெலிந்த மெய்நிகர் கணினியில் இயக்குகிறது. நிறுவுவது மிக எளிது. விண்டோஸ் வைத்திருப்பவர் லினக்ஸ் கட்டளைகளைப் பழக இன்று இதைவிடக் குறுக்கு வழி இல்லை. விண்டோஸ் வட்டில் உள்ள கோப்புகளை அதற்குள்ளிருந்து திறக்கும்போது வேகம் குறைகிறது என்பதையும், அங்கும் விண்டோஸின் பெயர் விதிகளே இயல்பாக நடக்கின்றன என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். தனி வலையமைப்பு, தீச்சுவர், தொடக்கம் முதல் நிறுவுதல் ஆகியவற்றை டபிள்யூஎஸ்எல் பெருமளவு மறைத்துவிடுவதால் வழங்கி நிர்வாகத்துக்கான பயிற்சி இதில் குறைவு.

கணினி கொடுக்க வேண்டிய விலை

மென்பொருள் இலவசமாகக் கிடைத்தாலும் வன்பொருள் இலவசமாகக் கிடைப்பதில்லை. வரைகலைத் திரை இல்லாத வழங்கிப் பதிப்பு 1 அல்லது 2 ஜிபி நினைவகத்தில் ஓடும். 8 ஜிபி உள்ள மடிக்கணினியில் இது தாங்கும். 4 ஜிபி மட்டும் உள்ள கணினியில் உலாவி, நிரல் எழுதும் மென்பொருள், மெய்நிகர் கணினி மூன்றையும் சேர்த்துத் திறந்தால் எல்லாமே நொண்டும். மெய்நிகர் கணினியில் முழு வரைகலைத் திரையுடன் உபுண்டுவை நிறுவிவிட்டு, மெதுவாக இருக்கிறது என்று கைவிடுவது பரவலான தவறு. வழங்கிக்குத் திரை தேவையில்லை.

பயாஸில் மெய்நிகராக்க வசதி அணைக்கப்பட்டிருந்தால் 64 பிட் இயங்குதளம் எழவே எழாது. டபிள்யூஎஸ்எல் அல்லது ஹைப்பர்-வி இயங்கும் விண்டோஸில் விர்ச்சுவல் பாக்ஸ் தன் சாளரத்தின் அடியில் ஒரு பச்சை ஆமையைக் காட்டும். செயலியின் வசதியை நேரடியாகப் பெற முடியாமல் ஹைப்பர்-வி வழியாகச் சுற்றிப் போகிறது, அதனால் மெதுவாக ஓடலாம் என்பது அதன் பொருள். 2020 நவம்பரில் ஆப்பிள் தன் மேக் கணினிகளுக்குச் சொந்த எம்1 செயலியைக் கொண்டுவந்தபோது, எக்ஸ்86 செயலிக்காகத் தயாரித்து வைத்திருந்த மெய்நிகர் கணினிகள் அவற்றில் நேரடியாக ஓடவில்லை. வட்டுக்கோப்பைச் சேமித்து வைத்தவர்கள் சிக்கினர். குறிப்பை எழுதி வைத்தவர்கள் அதிலிருந்து ஆர்ம் செயலிக்கான உபுண்டுவில் தளத்தை மீண்டும் எழுப்பிக்கொள்ள முடிந்தது.

உரிமங்களின் நிலையாமை

கருவியின் உரிமம் அதன் உரிமையாளரின் முடிவைப் பொறுத்தது. 2021 ஆகஸ்டில் டாக்கர் நிறுவனம் டாக்கர் டெஸ்க்டாப்பின் விதிகளை மாற்றியது. 250க்கு மேற்பட்ட ஊழியர்களோ, ஆண்டுக்கு 1 கோடி டாலருக்கு மேல் வருவாயோ உள்ள நிறுவனங்கள் கட்டணம் செலுத்த வேண்டும் என்றானது. தனிநபர்களுக்கும் கல்விக்கும் கட்டணம் இல்லை. 2023 ஆகஸ்டில் வேகிரன்டை நடத்தும் ஹாஷிகார்ப் தன் மென்பொருள்களைத் திறமூல உரிமத்திலிருந்து பிசினஸ் சோர்ஸ் உரிமத்துக்கு மாற்றியது. போட்டி வணிகத்துக்கு எதிரான இந்த உரிமத்தால் தனிநபர் பயன்பாட்டுக்குத் தடையில்லை. 2025இல் ஹாஷிகார்ப் நிறுவனம் ஐபிஎம்மின் கைக்குச் சென்றது. எதிர்த்திசை மாற்றமும் உண்டு. பிராட்காம் நிறுவனத்தின் கைக்குச் சென்ற விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் புரோ 2024இல் கட்டணமற்றதானது. விர்ச்சுவல் பாக்ஸின் அடிப்படை மென்பொருள் ஜிபிஎல் உரிமத்தில் உள்ளது. அதன் நீட்சித் தொகுப்பு மட்டும் தனி உரிமத்தில் வருவதால் கல்லூரிகளும் நிறுவனங்களும் அதைப் படித்துப் பார்த்து நிறுவ வேண்டும்.

இந்த மாற்றங்களால் தனிநபருக்கு இதுவரை பெரிய பாதிப்பு இல்லை. ஆயினும் ஒரே கருவியின் பெயரில் திறமையைக் கட்டிக்கொள்வது நல்லதல்ல என்பதை இவை காட்டுகின்றன. சாதாரண ஷெல் நிரலாக எழுதிய நிறுவும் குறிப்பு விர்ச்சுவல் பாக்ஸிலும், கேவிஎம்மிலும், வாடகை வழங்கியிலும் ஒரேபோல் ஓடும்.

மெய்நிகர் கணினி தேவைப்படாத இடங்கள்

எல்லாத் தளத்துக்கும் இவ்வளவு ஏற்பாடு தேவையில்லை என்ற வாதத்திலும் நியாயம் இருக்கிறது. சில பக்கங்களும் கட்டுரைகளும் கொண்ட தளத்துக்குத் தரவுத்தளமே வேண்டியதில்லை. ஜெக்கில், ஹியூகோ போன்ற நிலைப்பக்க உருவாக்கிகள் உரைக்கோப்புகளிலிருந்து தளத்தை ஆக்கித் தருகின்றன. அதன் மூலக்கோப்புகளை யுடிஎஃப்-8 உரையாக வைத்திருந்தால் தமிழ் எழுத்துகளுக்கு மேலே சொன்ன தரவுத்தள ஆபத்து இல்லை. அத்தகைய தளத்துக்கு மெய்நிகர் கணினி வைப்பது வீண் சுமை. பலர் பகிரும் மலிவான ஹோஸ்டிங்கில் தளம் வைப்பவருக்கு முதன்மைப் பயனர் உரிமை கிடைக்காது. தீச்சுவரும் தொகுப்பு நிர்வாகமும் அங்கே நிறுவனத்தின் பொறுப்பு. அவருக்குத் தேவை அதே பிஎச்பி பதிப்பும் அதே தரவுத்தளப் பதிப்பும் கொண்ட ஒரு சோதனை இடம். டாக்கர் அதற்குப் போதும்.

சொந்தமாக முழு வழங்கி வைக்க விரும்புபவர், வழங்கி நிர்வாகத்தைத் தொழிலாகக் கற்பவர், பழைய தளத்தின் தரவை இடம்மாற்ற வேண்டியவர் ஆகிய மூவருக்கே முழு மெய்நிகர் கணினி தன் விலைக்கு ஏற்ற பயனைத் தருகிறது.

மதிப்பீடு

எக்ஸாம்ப் நிரல் எழுதத் தொடங்குவதற்கு நல்ல கருவி. தளத்தை வெளியிடும் முன் சோதிப்பதற்கு அது போதாது. விர்ச்சுவல் பாக்ஸ் வழங்கியின் உள்ளமைப்பை மறைக்காமல் காட்டுவதால் கற்பித்தலில் இன்றும் முன்னிற்கிறது. கைமுறையாக நிறுவி அப்படியே பேணினால் அந்தப் பயன் தேய்ந்துவிடும். வேகிரன்டும் டாக்கரும் எழுதிய குறிப்பிலிருந்து எழுப்பும் பழக்கத்தைத் தந்தன. பகிர்ந்த கோப்புறையும் பதிப்பு எண் இல்லாத குறிப்பும் அப்பழக்கத்தின் பலனைக் குறைக்கின்றன. டபிள்யூஎஸ்எல் அன்றாட வேலைக்கு ஏற்றது.

கற்பவர் எந்தக் கருவியை வைத்திருந்தாலும் செய்து பார்க்கக்கூடிய சோதனை ஒன்றே. தளத்தின் நிரலையும், நிறுவும் குறிப்பையும், தரவுத்தள ஏற்றுமதியையும் மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு புதிய மெய்நிகர் கணினியில் தளத்தை எழுப்ப வேண்டும். பழைய கணினியைத் திறந்து பார்க்கக் கூடாது. பக்கங்கள் திறக்கின்றனவா, படம் பதிவேறுகிறதா, தமிழ்த் தலைப்புகள் முழுமையாக உள்ளனவா என்று சரிபார்க்க வேண்டும். எங்கே தடங்கினாலும் அந்த இடத்தில் குறிப்பில் ஒரு வரி குறைகிறது என்று பொருள். அந்த வரியை எழுதிச் சேர்த்துவிட்டு, புதிய கணினியை அழித்து, மறுபடியும் முதலிலிருந்து எழுப்ப வேண்டும். இடையில் எதையும் கையால் திருத்தாமல் தளம் எழும்வரை இதைத் தொடரலாம். அதன்பின் மடிக்கணினி பழுதானாலும், வழங்கி நிறுவனம் மூடப்பட்டாலும், அந்த மூன்றும் வேறோர் இடத்தில் பத்திரமாக இருக்கும் வரை தளத்துக்கும் அதில் எழுதிய தமிழுக்கும் இழப்பு நேராது.